எடையைக் குறிக்காத டன்: கப்பல் சொற்களுக்கான மூன்று நாள் வகுப்பு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கப்பல் ஆவணங்களில் எந்தச் சொல்லை எந்தக் கட்டத்தில் நிரப்ப வேண்டும் என்பது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அச்சொற்களில் பாதிக்குமேல் எதைக் குறிக்கின்றன என்று கேட்டால் பதில் சொல்ல இயலாத நிலையில்தான் இருந்தேன். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள, தூத்துக்குடியில் ஓய்வுபெற்ற கப்பல் சீஃப் இன்ஜினியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் நடத்தும் மூன்று நாள் வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் 4,500 ரூபாய். மதிய உணவும் அச்சிட்ட கையேடும் அதில் அடங்கும். ஒன்பது பேர் இருந்தோம். பெரும்பாலோர், சரக்குக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் கிளியரிங் ஏஜென்டு அலுவலகங்களிலிருந்து வந்தவர்கள். மூவர் மரைன் இன்ஜினியரிங் சேரவிருக்கும் மாணவர்கள்.

முதல் நாள் முழுவதும் ஒரே ஒரு கப்பலை வைத்தே பாடம் நடந்தது. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கிக்கொண்ட கண்டெய்னர் கப்பல் ‘எவர் கிவன்’ அது. அதன் கிராஸ் டன்னேஜ் ஏறத்தாழ 2,20,000, டெட்வெயிட் ஏறத்தாழ 2,00,000 என்று பலகையில் எழுதிவிட்டு, இவற்றில் எது எடை என்று ஆசிரியர் கேட்டார். இரண்டுமே எடைதான் என்று நான் சொன்னேன். கிராஸ் டன்னேஜ் எடையே அன்று. கப்பலின் மூடப்பட்ட இடங்கள் அனைத்தின் கொள்ளளவிலிருந்து ஒரு சூத்திரத்தால் பெறப்படும், அலகு இல்லாத வெறும் எண் என்பதையும், 1969ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை அந்தச் சூத்திரத்தை வகுத்தது என்பதையும் அவர் விளக்கியபோது, இத்தனை ஆண்டுகள் அந்த எண்ணை எவ்வளவு தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்று உணர்ந்தேன். டெட்வெயிட்தான் எடை. அதிலும் சரக்கு மட்டுமல்லாமல், எரிபொருள், குடிநீர், பாலஸ்ட் நீர் (கப்பலின் சமநிலைக்காகத் தொட்டிகளில் ஏற்றும் நீர்), மாலுமிகள், அவர்களுடைய உணவுப்பொருள்கள் என்று கப்பல் தாங்கும் அனைத்தும் சேரும். வெற்றுக் கப்பலின் எடையையும் அதனுடன் கூட்டினால் கிடைப்பது டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது கப்பல் விலக்கும் நீரின் எடை. இந்த மூன்று சொற்களை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியதற்கே கட்டணம் தகும்.

சுமையேற்றிய கப்பல் எவ்வளவு ஆழம் வரை அமிழலாம் என்று காட்ட அதன் பக்கவாட்டில் வரையப்படும் சுமைக்கோடுகளைப் பற்றிய பாடமும் மனத்தில் நின்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடியதன் விளைவாக 1876இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து வளர்ந்த இந்தக் கோடுகளை விளக்க, ஆசிரியர் இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் நல்ல நீரையும் கடல்நீரையும் நிரப்பி, அடியில் ஈயக்குண்டு வைத்த ஒரே குழாயை இரண்டிலும் மிதக்கவிட்டார். கன மீட்டருக்கு 1,000 கிலோ அடர்த்தியுள்ள நல்ல நீரில், 1,025 கிலோ அடர்த்தியுள்ள கடல்நீரில் இருப்பதைவிடக் குழாய் சற்று ஆழமாக இறங்கியது. நன்னீருக்கான கோடு ஏன் மேலே இருக்கிறது என்று யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எஞ்சின் அறைச் சொற்களுக்கு இரண்டாம் நாள் ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய சரக்குக் கப்பல்களின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கியர்பாக்ஸ் இல்லாமல் நேரடியாக புரொபெல்லருடன் இணைக்கப்பட்டிருப்பதால், கப்பல் பின்னோக்கிச் செல்ல வேண்டுமானால் எஞ்சினையே நிறுத்தி எதிர்த்திசையில் மீண்டும் இயக்க வேண்டும் என்று கேட்ட பிறகுதான், ‘அஸ்டர்ன்’ என்ற கட்டளைக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று புரிந்தது. பியூரிஃபையர் (எரிபொருளையும் எண்ணெயையும் சுத்திகரிக்கும் கருவி), ஸ்டெர்ன் டியூப் (புரொபெல்லரின் தண்டு கப்பலின் பின்பகுதி வழியே வெளியே செல்லும் குழாய்) ஆகியவை படங்களோடு விரைவாக முடிந்தன. மாணவர்களுக்கு அது போதாது.

மூன்றாம் நாள் வணிகச் சொற்கள். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆகும் செலவையும் இழப்பையும் அனைவரும் பங்கிட்டுக்கொள்ளும் ‘ஜெனரல் ஆவரேஜ்’ பற்றிய பாடம் மிக நன்றாக அமைந்தது. எவர் கிவனின் உரிமையாளர் அதை அறிவித்ததால், சேதமே இல்லாத சரக்கின் உரிமையாளர்களும் கப்பலை மீட்ட செலவில் பங்கேற்கும் பொறுப்புக்கு உள்ளானார்கள். காப்பீடு இல்லாதவர் ரொக்கமாக ஈடு கட்டாமல் பெட்டியை எடுக்க முடியாது. கணக்குப் பாடத்தில் வரும் சராசரிக்கும் இச்சொல்லே மூலம், கடலில் நேர்ந்த இழப்பைப் பங்கிடும் வழக்கத்திலிருந்துதான் அந்தப் பொருள் வந்தது என்பது எனக்குப் புதிய செய்தி.

என் வருத்தம் ‘டெமரேஜ்’ பற்றியது. ஒப்பந்தத்தில் குறித்த காலத்தைக் கடந்து கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திவைத்தால் வாடகைக்கு எடுத்தவர் கட்டும் தொகை என்று மட்டும் ஆசிரியர் சொல்லி முடித்தார். எங்களைப் போன்றோர் அன்றாடம் சந்திப்பதோ, இலவச நாள்கள் முடிந்த பின்னும் இறக்குமதிக் கண்டெய்னர் முனையத்திலேயே கிடந்தால் விதிக்கப்படும் கட்டணம். கண்டெய்னரை வெளியே எடுத்துச் சென்று தாமதமாகத் திருப்பினால் வருவது ‘டிடென்ஷன்’. ஒரே சொல் இரண்டு வணிகங்களில் இரண்டு பொருள் தருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டது, வகுப்பில் அமர்ந்திருந்தவர்களின் தொழிலை நினைத்தால், சிறிய குறையன்று.

கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பாடத்தின்போது அவர் வாயில் சுக்கான், நங்கூரம், அணியம், பாய்மரம் என்று இயல்பாக வந்த சொற்கள் எவையும் அதில் இல்லை. கட்டுமரம் என்ற நம் சொல்லை உலகமே ‘கேட்டமரான்’ என்று எடுத்துக்கொண்ட துறையில் தமிழுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம். மேலும், பதினான்காம் பக்கத்தில் கடல் மைல் 1,825 மீட்டர் என்று அச்சாகியிருக்கிறது. சரியான அளவு 1,852 மீட்டர். நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தைக் கிலோமீட்டராக மாற்றும் கணக்குகள் அனைத்தும் அந்த எண்ணையே சார்ந்திருப்பதால், கையேடு கைக்கு வந்தவுடன் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.