டூரிங் கிட் வாங்குவோர் கடையிலேயே பிரித்துப் பாருங்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் 2,850 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை இது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பொருளைச் சொல்லிவிடுகிறேன், அது போதும்.

பொங்கல் விடுமுறைக்குக் கொல்லிமலை போவதாகத் திட்டம். என்னுடையது பழைய புல்லட் 350. கடைக்காரர் டூரிங் கிட் என்று, நீண்ட பயணத்துக்கான உதிரிபாகங்கள் அடங்கிய ஜிப் வைத்த பை ஒன்றை எடுத்துப் போட்டார். உள்ளே கிளட்ச் கேபிள் இரண்டு, ஆக்ஸிலேட்டர் கேபிள், டியூப், பிளக், செயின் லாக், ஃபியூஸ், ஸ்பானர் செட். "இது இருந்தால் லடாக் வரைக்கும் போய் வரலாம் சார்" என்றார். கடைப் பையனே ஒரு கிளட்ச் கேபிளை வண்டியில் மாட்டிக் கொடுத்தான். கழற்றிய கேபிள் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது, நன்றாகவே இருந்தது. அதைத் திருப்பிக் கேட்டேன். "பழசை எதற்கு சார் சுமக்கிறீர்கள்?" என்று கடைக்காரர் குப்பைத் தொட்டியில் போட்டார். நானும் தலையாட்டினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே பெரிய முட்டாள்தனம் அதுதான்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கிளட்சைப் பிடித்து கியரைக் குறைக்க வேண்டும். 34ஆவது வளைவில் லீவர் சத்தமே இல்லாமல் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி ஒரு குதி குதித்து நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. மைத்துனர் குதித்திறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

இன்னொரு கேபிள்தான் இருக்கிறதே என்று பையைத் திறந்தேன். அட்ஜஸ்டர் நட்டைத் தளர்த்தப் போனால் ஸ்பானரின் வாய் விரிந்துவிட்டது. நட்டு அசையவில்லை. மைத்துனரின் குறடால் ஒருவழியாகத் திருகி, புதிய கேபிளை மாட்டி, லீவரை இரண்டு முறை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் அதுவும் போய்விட்டது.

நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நல்ல கேபிளில் கம்பி இழைகள் நுனியில் உள்ள உலோகக் குமிழுக்குள் பூப்போல விரிந்திருக்கும், அவற்றைச் சுற்றி உலோகம் இறங்கி இறுகியிருக்கும். இதில் இழைகளைச் சும்மா உள்ளே செருகி, மேலே ஈயத்தைப் பூசியிருந்தார்கள். இரண்டு கேபிளும் ஒரே போலிச் சரக்கு. ஒன்று அறுந்தால் மற்றது காப்பாற்றும் என்று எந்த நம்பிக்கையில் இரண்டையும் சுமந்தேனோ!

மலைமேல் இருக்கும் சோளக்காட்டுக்குக் காலியாகப் போய்க்கொண்டிருந்த மினி லாரிக்காரர் வண்டியை ஏற்றிக்கொண்டார். "காசெல்லாம் வேண்டாம் தம்பி, டீ வாங்கிக் கொடுங்கள்" என்றார். செம்மேட்டில் ஒரு மெக்கானிக், திருகு வைத்து இறுக்கும் சின்னப் பித்தளைக் குமிழ் ஒன்றை அறுந்த நுனியில் மாட்டினார். இருபது ரூபாய். சென்னை வரை 350 கிலோமீட்டருக்கு மேல் அதுதான் தாங்கியது. இப்போது என் பையில் அந்தக் குமிழ் நான்கு கிடக்கின்றன. புதுக் கேபிள் வாங்கினால் அதை வண்டியில் மாட்டி, ஓடித் தேறிய பழையதைத்தான் உதிரியாக எடுத்துச் செல்கிறேன்.

வீட்டுக்கு வந்து மிச்சத்தையும் பிரித்தேன். டியூப் பெட்டியின் ஸ்டிக்கரில் என் வண்டியின் டயர் அளவான 3.25-19. உள்ளே இருந்த டியூபின் ரப்பரில் அழுத்தியிருந்த எண் 3.00-18, அதாவது சிறிய சக்கரத்துக்கானது. நல்லவேளை, பஞ்சர் ஆகவில்லை.

கடைக்குப் போனேன். "கேபிளுக்கெல்லாம் கேரண்டி கிடையாது, நீங்கள் கிளட்சை அழுத்திப் பிடித்திருப்பீர்கள்" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். அவர்கள் முதலில் கேட்டதே ரசீதைத்தான். என்னிடம் இருந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, கடைப் பெயர்கூட இல்லை. வாங்கும்போது அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை நான்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். அதே ஜிப் பை கண்ணாடி அலமாரியில் தொங்குகிறது. விலை மட்டும் 2,950 ஆகியிருக்கிறது.