கிரேடு 8, கிரேடு 4, ஸ்லாப் இல்லாத அட்டை: பழைய பேஸ்பால் அட்டையில் எதை நம்பலாம்?

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய அட்டையைச் சேகரிப்புக்காக வாங்கப் போகிறவருக்கு இரண்டு சந்தேகங்கள் வரும். அட்டை அசல்தானா என்பது ஒன்று. அசல் அட்டையில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்பது இன்னொன்று. தேர்ந்த நிறுவனம் சோதித்து, அட்டையின் நிலைக்கேற்ப 10 வரை மதிப்பெண் (கிரேடு) இட்டு, ஸ்லாப் என்னும் மூடிய பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தந்த அட்டையில் முதல் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவது சந்தேகமோ கிரேடு ஏற ஏறக் கூடும்.

காரணம் எளிது. உயர் கிரேடுகளில் ஒரு கிரேடு ஏறினாலே விலை பல மடங்காகலாம். டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட அட்டையின் அளவு 2⅝ × 3¾ அங்குலம். மழுங்கிய மூலையுள்ள அட்டையில் ஓரத்தை அரை மில்லிமீட்டர் நறுக்கினால் மூலை புதிதுபோல் கூராகிவிடும். அந்தக் காலத்து ஆலை வெட்டு சீராக இருந்ததில்லை. சற்றுப் பெரிதாக வெட்டுப்பட்ட அட்டையை நறுக்கினால் அது சரியான அளவுக்கே வந்து நிற்கும். அதனால் அளவுகோலை மட்டும் நம்பிப் பயனில்லை. ஓரத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் பழைய பழுப்புக்கு நடுவே புது வெட்டின் வெளுப்போ, கத்தி போன வளைவோ தெரியும். ஸ்லாபுக்குள் இருக்கும்போது அந்தப் பார்வை பாதி மறைந்துவிடுகிறது.

இதற்குப் பெரிய சாட்சி, பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனம் 1991இல் முதன்முதலாகச் சான்றளித்த அட்டையேதான்: கிரேடு 8 பெற்ற, சிகரெட்டோடு வந்த டி206 தொகுப்பின் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரர் அட்டை. 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் ஓரங்களைத் தானே நறுக்கியதாக ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அட்டை அசல், கிரேடு தகாதது.

அதற்காக உயர் கிரேடு எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. 1980களின் நடுவில் அட்டை வியாபாரி ஆலன் ரோசன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வாங்கிய 1952 டாப்ஸ் சரக்கு பத்திரமாகக் கிடந்த சரக்கு. அதிலிருந்து வந்த ஆட்டக்காரர் மிக்கி மேண்டில் அட்டைதான் எஸ்ஜிசி என்ற இன்னொரு கிரேடிங் நிறுவனத்திடம் 9.5 பெற்று, 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. இப்படி வந்த வழி தெரிந்தால் கிரேடு 8, 9 வாங்கலாம். வழி தெரியாத கிரேடு 8க்கு அந்த விலை கொடுப்பது, என் கணக்கில், கத்திக்குக் கூலி கொடுக்கும் அபாயம்.

கிரேடு 3, 4 அட்டையில் மூலைகள் உருண்டிருக்கும், மெல்லிய மடிப்பும் இருக்கலாம். நறுக்கினாலும் பெரிய லாபம் இல்லாததால் கத்தி அங்கே குறைவாகவே போகிறது. அங்கு வரும் குறும்பு வேறு: மடிப்பை அழுத்தி மறைப்பது, கறையைக் கழுவுவது, நிறம் போன இடத்தில் மை தீட்டுவது. 1971 டாப்ஸின் கறுப்பு ஓரத்தில் இந்த மைவேலை சகஜம். மூலைத் தேய்மானமும் ஓரத் தேய்மானமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உருண்ட மூலைக்கு நடுவே ஒரே ஓரம் மட்டும் கத்தி போல் நேராக இருந்தால் விட்டுவிடுங்கள். குறைந்த கிரேடு என்றால் மதிப்பில்லை என்பதும் தவறு. எஸ்ஜிசி 3 பெற்ற வாக்னர் 2021இல் 66 லட்சம் டாலருக்கும், எஸ்ஜிசி 2 பெற்றது மறு ஆண்டு 72.5 லட்சத்துக்கும் கைமாறின.

பிஎஸ்ஏவா எஸ்ஜிசியா என்ற வாதம் முன்புபோல் முக்கியமில்லை. 2024 முதல் இரண்டும் ஒரே தாய் நிறுவனத்தின் கீழ். மறுவிற்பனையில் பிஎஸ்ஏவுக்கு விலை கூடுதல், அவ்வளவே. ஸ்லாபே போலியாக இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. மோசடிக்காரர்கள் உண்மையான சான்று எண்ணையே நகலெடுப்பதால் எண் பொருந்தினால் மட்டும் போதாது. நிறுவனத்தின் பதிவில் படம் இருந்தால் ஓர இடைவெளி, அச்சுப் புள்ளி எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். ஸ்லாபின் விளிம்பில் வெள்ளைப் பூத்திருந்தால் பிரித்து ஒட்டியிருக்கலாம்.

ஸ்லாப் இல்லாத அட்டை மலிவு, ஆனால் இரண்டு சந்தேகமும் முழுசாக உங்கள் தலையில். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் அட்டையில் அச்சிட்ட ஆட்டக்காரர் பெயரைப் பாருங்கள். டி206இல் எழுத்து இடைவெளியில்லாத ஒரே மையாக இருக்கும். நகலில் எழுத்தே புள்ளிகளாக உடையும். புற ஊதா விளக்கில் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று சொல்லப்படும் அட்டை நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் தாள் பிற்காலத்தது. பளிச்சிடாததால் மட்டும் அசல் ஆகிவிடாது. பழைய தாளிலும் அச்சடிக்கலாம். டாப்ஸே 1983இல் வெளியிட்ட 1952 மறுபதிப்பு 2½ × 3½ அங்குலம்தான். ஆனால் விற்பனையாளர் காட்டும் படத்தில் அது தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

இதற்கெல்லாம் முன்பாக, அதே தொகுப்பில் அவ்வளவு புகழில்லாத ஆட்டக்காரரின் மலிவான அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாளின் தடிமன், நிறம், மையின் பளபளப்பு எல்லாவற்றையும் அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். உறையிலிருந்து எடுத்துப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.