பெரோவ்ஸ்கைட் பச்சை ஒளி: சூட்டு முறையா, சாதா முறையா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு சீசியம் லெட் புரோமைடு நானோ படிகம் (புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும் பெரோவ்ஸ்கைட் வகைப் பொருளின் மிகச் சிறிய படிகம்) எடுப்பவர்கள் முதலில் குழம்புவது, அதைச் சூட்டு முறையில் தயாரிப்பதா, சாதா முறையான அறை வெப்ப முறையிலா என்பதில்தான்.

செலவு
சூட்டு முறை: மூன்று கழுத்துக் குடுவை, நைட்ரஜன், வெற்றிட பம்ப், 140 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூடு.
அறை வெப்ப முறை: டொலுயீன், டிஎம்எஃப் என்ற இரண்டு கரைப்பான்கள், ஒரு காந்தக் கலக்கி. அவ்வளவுதான்.

எளிமை
சூட்டு முறை: சீசியம் ஓலியேட்டை (சீசியம் தரும் கரைசல்) ஊசியால் செலுத்திய சில நொடிகளில் குடுவையை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அன்றைய வேலை போச்சு.
அறை வெப்ப முறை: டிஎம்எஃப் கரைசலை டொலுயீனில் சொட்டியதுமே புற ஊதா விளக்கில் பச்சை பளிச்சென்று எரியும். பார்க்கவே ஆசையாக இருக்கும்.

தாக்குப்பிடிப்பு
விஷயமே இங்கேதான். மிச்சமிருக்கும் டிஎம்எஃப், உருவான படிகத்தையே மெல்லக் கரைக்கும். 2015-இல் சூரிச்சில் கோவலென்கோ குழு வெளியிட்ட சூட்டு முறையில் அந்தத் தொல்லை இல்லை; ஒளிப்பட்டையும் (வெளிவரும் ஒளியின் அலைநீள வீச்சு) சுமார் 20 நானோமீட்டர் அகலத்துக்குள் அடங்கும். ஃபிலிம் (மெல்லிய படலம்) போடுமுன், படிகங்களைப் போர்த்தும் ஓலியிக் அமிலத்தில் மேலதிகமானதைக் கழுவ வேண்டும், ஆனால் அதிகம் கழுவினால் ஒளி மங்கும். ஐப்பசி மழையில் எந்த ஃபிலிமுக்கும் மேலே பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) பூச்சு கட்டாயம். சிவப்பு ஒளிக்காக புரோமைடுக்குப் பதில் அயோடைடு பக்கம் போனால் ஈரத்தில் மஞ்சளாகி ஒளி அணைந்துவிடும்.

இரண்டிலும் ஈயம் உண்டு, கழிவு வாய்க்காலுக்குப் போகக் கூடாது.

ஒரே பருவத்தில் ஒளிர்வதைக் காட்டினால் போதும் என்றால் அறை வெப்ப முறை. எல்இடி வரை போகும் எண்ணமிருந்தால், நைட்ரஜன் இணைப்புள்ள ஆய்வகம் தேடி சூட்டு முறையையே பிடியுங்கள்.