யூவி: ஸ்கிரிப்ட் கேட்கிற பைத்தானைக் கொண்டுவந்து தரும் கருவி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கும் அச்சகங்களில், பழைய கல்யாணப் பத்திரிகை மேட்டர் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் கிடக்கிறது. அதை இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்ற, ஓப்பன் சோர்ஸில் கிடைத்த ஒரு ஸ்கிரிப்டைத்தான் (பைத்தான் மொழியில் எழுதிய சின்ன ப்ரோகிராம்) எல்லா இடத்திலும் போட்டு வைத்திருக்கிறேன். நல்ல ஸ்கிரிப்ட். ஆனால் எதைக் கொண்டு ஓட்ட வேண்டும் என்று சொல்லும் அதன் முதல் வரி, வெறுமனே ‘பைத்தான்’ வேண்டும் என்று கேட்டது. உபுண்டு லினக்ஸின் 22.04 வெர்ஷனில் அந்தப் பெயரில் எதுவும் தானாக வராது. பழைய மிஷினிலோ அதே பெயருக்குப் பைத்தானின் பழைய 2.7 வெர்ஷன் எழுந்து வரும். உள்ளே ‘அ’ என்ற எழுத்தைப் பார்த்ததுமே, ஆஸ்கியில் (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியீடு) இல்லாத எழுத்து என்று நின்றுவிடும். 2.7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-லேயே முடிந்த கதை.

‘பைத்தான்3’ என்று மாற்றினால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. எழுத்து அட்டவணையைப் படிக்க ஸ்கிரிப்ட், பைத்தானோடு வரும் டாம்லிப் என்ற மாட்யூலை (துணைப் பகுதி) கேட்கிறது. அது பைத்தான் 3.11-ல்தான் சேர்ந்தது, 22.04-ல் இருப்பது 3.10. இதற்காக சிஸ்டத்தின் பைத்தானையே மாற்றி வைக்கலாம் என்று மட்டும் யாரும் கிளம்பாதீர்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

யூவி இங்கேதான் கைகொடுக்கிறது. ஆஸ்ட்ரல் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட இலவசக் கருவி. ரஸ்ட் என்ற மொழியில் எழுதியது, வேகம் பிரமாதம். ஸ்கிரிப்டின் தலையில் கமெண்டாகவே (பைத்தான் ஓட்டாமல் விட்டுவிடும் குறிப்பு) மூன்று வரி போதும்: நடுவரியில் ‘3.11 அல்லது அதற்கு மேல்’. பைத்தானின் தர ஆவணங்களில் ஒன்றான பெப் 723 வகுத்த முறை இது. யூவி அதைப் படித்து, பொருத்தமான பைத்தான் மிஷினில் இல்லையென்றால் தானே இறக்கிக்கொள்கிறது. ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்ட் கேட்பதில்லை, சிஸ்டத்தின் பைத்தானைத் தொடுவதுமில்லை. அச்சகத்தில் டைப் செய்யும் அக்காவே இப்போது ஓட்டிக்கொள்கிறார்.

சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை நெட் கட்டாயம். முதல் வரியிலேயே யூவியை எழுதிவிட நினைத்தால், அங்கே ப்ரோகிராமைத் தேடி ஓட்டும் ‘என்வ்’ கட்டளைக்கு ‘-எஸ்’ சேர்க்கணும். இல்லாவிட்டால் லினக்ஸ் அந்த வரியில் மிச்சமிருப்பதை எல்லாம் ஒரே துண்டாக அனுப்பிவிடும்; அதைப் பிரித்துக் கொடுப்பது ‘-எஸ்’-தான். உபுண்டு 18.04-ல் உள்ள ‘என்வ்’-க்கு அந்த ‘-எஸ்’ தெரியாது. அங்கே ‘யூவி ரன்’ என்று கையால் அடிப்பதுதான் வழி. விண்டோஸ் முதல் வரியைக் கண்டுகொள்வதே இல்லை என்பதால், அங்கேயும் அப்படியே.

ப்ராஜெக்ட் நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: உங்கள் ஸ்கிரிப்ட் ஓடும் மிகப் பழைய வெர்ஷனைச் சோதித்துப் பார்த்து, அதைக் கீழ் வரம்பாக ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள். மேல் வரம்பு, உடையும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். கூடவே வரும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எழுதியிருக்கிறோமே என்று விடாதீர்கள். அச்சகத்தில் அதை யாரும் திறப்பதில்லை.