வீடு யார் பெயருக்குப் போனது? மாஸ்கோ, புடாபெஸ்ட், பிராக், லைப்சிக்

கம்யூனிச ஆட்சியில் அரசே வீட்டுக்காரராக இருந்த நகரங்களில், அந்த ஆட்சி சரிந்த 1990-ஐ ஒட்டி ஒரு கேள்வி வந்து நின்றது: இத்தனை வீடுகளை இனி யார் பெயரில் எழுதுவது? குடியிருப்பவருக்குச் சும்மா கொடுக்கலாம், மலிவாக விற்கலாம், இல்லையென்றால் முன்பு பறிகொடுத்தவருக்கே திருப்பித் தரலாம். எங்கே கூரை ஒழுகியது, எங்கே ஒரே மாடியில் இரண்டு வாடகை வந்தது, எங்கே தெருவே காலியானது என்பதற்கெல்லாம் வேர் பெரும்பாலும் அந்த முடிவில்தான் இருக்கிறது.

சும்மா கொடுத்த மாஸ்கோ, மலிவாக விற்ற புடாபெஸ்ட்

ரஷ்யாவில் 1991 ஜூலைச் சட்டப்படி, அரசு வீட்டில் குடியிருப்பவர் மனு போட்டால் வீடு இலவசமாக அவர் பெயருக்கு வரும். குடியிருக்கும் வயது வந்தவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு முறைதான். கடைசித் தேதி பலமுறை தள்ளிப்போய், 2017-ல் கெடுவே நீக்கப்பட்டது. ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் வீடுகள் முதலில் நகரின் வட்டார மன்றங்களின் கைக்குப் போயின. 1993-ல் வந்த சட்டம் வாடகைதாரருக்கு வாங்கும் உரிமை தந்தது. சந்தை மதிப்பில் ஒரு சிறு பங்குதான் விலை. மொத்தமாகக் கட்டினால் அதிலும் தள்ளுபடி.

இரண்டு இடத்திலும் அநியாயம் ஒன்றே. நல்ல பேட்டையில் பெரிய வீடு பெற்றிருந்தவருக்குப் பெரிய பரிசு. பெயர் பதிந்துவிட்டு வரிசையில் காத்திருந்தவருக்குக் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் வேலையும் சேமிப்பும் கரைந்த அந்த ஆண்டுகளில் குடியிருக்க இடம் பறிபோகாமல் இருந்ததே, அது சின்ன விஷயமல்ல.

சிக்கல் வாசற்படிக்கு வெளியே. வீடு என்னுடையது, மாடிப்படி, கூரை, குழாய் யாருடையவை? ரஷ்யாவின் 1991 சட்டத்தின் 16-வது பிரிவு, பெரிய பழுதுபார்ப்பு பாக்கியிருந்தால் அதைப் பழைய உரிமையாளரான அரசே செய்ய வேண்டும் என்றது. பல இடங்களில் அது காகிதத்தோடு நின்றது. 2012 இறுதியில் விதி மாறி, பெரிய பழுதுக்கென்று வீட்டு உரிமையாளர்கள் மாதாமாதம் பணம் கட்டும்படி ஆனது. வீட்டைத் தன் பெயருக்கு மாற்றாமல் வாடகைதாரராகவே இருந்தவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. மாற்றாமல் விட்ட முதியவர்களை விவரமில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

பொதுச் சொத்து எப்படிக் கெடுகிறது என்பதற்குச் சூடேற்றும் குழாய் நல்ல உதாரணம். வார்த்த கான்கிரீட் பலகைகளைப் பொருத்திக் கட்டிய பழைய ‘பேனல்’ கட்டடங்கள் பலவற்றில் வெந்நீர் ஒற்றைக் குழாயில் மாடி மாடியாக, அறையைச் சூடாக்கும் ஒரு ரேடியேட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும். வெப்பத்தைக் குறைக்க வால்வு கிடையாது. புழுங்கினால் ஜன்னலைத் திறப்பதுதான் வழி. வீடு சொந்தமானதும் ஒருவர் ரேடியேட்டரை மாற்றுகிறார். பக்கத்தில், ரேடியேட்டருக்குள் போகாமல் வெந்நீரை அடுத்த வீட்டுக்குக் கடத்தும் மாற்றுக்குழாயை எடுத்துவிட்டு நேராக வால்வு வைக்கிறார். அவர் வால்வை மூடினால் அதே குழாயை நம்பியிருக்கும் மற்ற வீடுகள் ஜனவரியில் குளிர்ந்து போகும்.

சரியாகச் செய்ய வேண்டுமானால் மாற்றுக்குழாய் இருந்தே ஆக வேண்டும், அதில் வால்வு கூடாது. பிரதான குழாய் முக்கால் அங்குலம் என்றால் மாற்றுக்குழாய் அரை அங்குலம். வெப்பம் குறைக்கும் வால்வு, மாற்றுக்குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். வேலையைக் கோடையில், குழாயை வடித்துவிட்டுத்தான் செய்ய முடியும். ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று நான்கு குழாய்கள் செங்குத்தாகப் போவதால் வீட்டுக்கு ஒரு மீட்டர் என்பதும் சரிவராது; ஒவ்வொரு ரேடியேட்டரிலும் தனிக் கணக்குக் கருவி மாட்ட வேண்டும். இத்தனைக்கும் கட்டடமே ஒன்றுகூடி முடிவெடுக்க வேண்டும். ஹங்கேரியில் 2001-க்குப் பிறகு பேனல் கட்டடச் சீரமைப்புச் செலவை அரசு, நகராட்சி, குடியிருப்போர் மூன்றாகப் பிரித்துக்கொள்ளும் திட்டம் வந்தது. பேச்சுவார்த்தையை விட அந்த மானியம்தான் அண்டைவீட்டாரை ஒரு மேசைக்குக் கொண்டுவந்தது.

திருப்பிக் கொடுத்த பிராக், லைப்சிக்

செக் சட்டம், கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த 1948 பிப்ரவரி 25-க்குப் பின் பறிக்கப்பட்டதைத்தான் முதலில் கணக்கில் எடுத்தது. பிராக்கின் பழைய மையத்தில் பல கட்டடங்கள், குடியிருந்தவர்களோடு சேர்த்தே, வாரிசுகளிடம் போயின. பழைய வாடகைதாரருக்கு அரசு வாடகை உச்சவரம்பு. புதிதாக வருபவருக்குச் சந்தை வாடகை. எதிரெதிர்க் கதவுகளில் பல மடங்கு வித்தியாசம். உச்சவரம்பு வாடகையின் அந்தச் சொற்ப வரவில் உரிமையாளர் கூரையை மாற்றமாட்டார். வாடகைதாரர் காலி செய்யமாட்டார். பிராக்கில் இந்தக் கட்டுப்பாடு 2012 முடிவு வரை நீடித்தது.

லைப்சிக் இருந்த கிழக்கு ஜெர்மனியில் 1990 செப்டம்பர் சட்டம் ‘முதலில் திருப்பிக் கொடு, பிறகுதான் இழப்பீடு’ என்றது. நாஜிகள் 1933 முதல் பறித்ததும் அதில் அடக்கம். 1945 முதல் 1949 வரை சோவியத் நிர்வாகம் எடுத்தது மட்டும் விலக்கு. ஒரே வீட்டுக்கு, 1930-களில் துரத்தப்பட்ட யூதக் குடும்பமும் பின்னால் மேற்கு ஜெர்மனிக்கு ஓடிப்போனவரும் உரிமை கோரலாம். வழக்குத் தீரும்வரை வங்கிக்கடன் கிடைக்காது, பழுதும் பார்க்க முடியாது. லைப்சிக் 1989-ல் சுமார் 5.3 லட்சம் பேர், 1998-ல் 4.4 லட்சத்துக்கும் கீழ். வேலையிழப்புதான் முதல் காரணம் என்றாலும், முடங்கிக் கிடந்த கட்டடங்களும் சேர்ந்துகொண்டன. 2000 வாக்கில் 60,000 அளவுக்கு வீடுகள் காலி.

ஆனால் வழக்குத் தீர்ந்த கட்டடத்துக்கு ஒரே உரிமையாளர். அவர் ஒருவர் முடிவெடுத்தால் போதும், கூரை முதல் குழாய் வரை மாறிவிடும். கட்டடத்தின் ஆயுளைப் பார்த்தால் லைப்சிக் வழியே மேல். குடியிருப்பவரின் நிம்மதியைப் பார்த்தால் மாஸ்கோ. இரண்டிலும் தோற்றது பிராக் என்பேன்.

மாஸ்கோவின் நிம்மதிக்கும் 2017-ல் ஒரு விதிவிலக்கு வந்தது. சோவியத் தலைவர் குருசேவ் காலத்து ஐந்து மாடிக் கட்டடங்கள், லிஃப்ட் இல்லாதவை, ஐந்தாறு சதுர மீட்டர் சமையலறை கொண்டவை, ஐயாயிரத்துக்கு மேல் இடிப்புப் பட்டியலில் சேர்ந்தன. கட்டடத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் சம்மதித்தால் போதும். மீதிப் பேர் பத்திரம் வைத்திருந்தாலும், அதே எண்ணிக்கை அறைகள் கொண்ட புது வீட்டுக்கு மூட்டை கட்டத்தான் வேண்டும்.