நீல ஒளியைப் பிடிப்பது யார்: கிரிப்டோகுரோமா, ஃபோட்டோட்ரோபினா?

முளைப்பாரிக்காக இருட்டில் வளர்த்த முளை வெளிறிய மஞ்சளாக, நெடுநெடுவென்று நிற்கும். அதே விதை வெயிலில் முளைத்தால் குட்டை, பச்சை. ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்துவிடும். குட்டையாவது, சாய்வது இரண்டிலும் நீல ஒளிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பிடிக்கும் புரதங்கள்தான் வேறு வேறு: கிரிப்டோகுரோம், ஃபோட்டோட்ரோபின்.

சாய்வை டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் சோதித்து 1880-இல் எழுதினார்கள். புல் முளையின் நுனிக்கு ஒளி புகாத தொப்பி போட்டால் அது சாயவில்லை. உணர்வது நுனி, வளைவதோ அதற்குக் கீழே! இந்தச் சாய்வுக்குக் காரணமான ஃபோட்டோட்ரோபினின் மரபணு கிடைக்க 1997 ஆனது. கிரிப்டோகுரோம் நான்கு வருடம் முந்திக்கொண்டது. ஒளியிலும் தண்டு குட்டையாகாத அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் சிறு செடி) செடிகள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன.

இரண்டுமே பி2 வைட்டமினிலிருந்து உருவாகும் ஃப்ளேவினை வைத்துத்தான் நீலத்தைப் பிடிக்கின்றன. ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவுதான். ஃபோட்டோட்ரோபினுக்கு இடம் செல்சவ்வு. ஒளி படும் பக்கத்தில் அது அதிகமாகத் தூண்டப்பட, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கம் ஒதுங்குகிறது. அங்குள்ள செல்கள் கூடுதலாக நீள, தண்டு ஒளியை நோக்கி வளைகிறது. கிரிப்டோகுரோம் முக்கியமாக உட்கருவில் வேலை செய்கிறது. இருட்டில் ஹெச்ஒய்5 என்ற புரதத்தை காப்1 என்ற இன்னொரு புரதம் அழித்துக்கொண்டே இருக்கும். நீல ஒளி பட்டதும் கிரிப்டோகுரோம் காப்1-ஐ அடக்கிவிடும். ஹெச்ஒய்5 சேரச் சேர, ஒளியில் வளர்வதற்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும்.

சரி, தண்டைக் குட்டையாக்குவது கிரிப்டோகுரோம் மட்டும்தானா? எனக்குப் பிடித்த இடம் இதுதான். இருட்டில் வளர்ந்த அராபிடாப்சிஸ் முளைமீது நீல ஒளியைப் போட்டால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே தண்டின் வேகம் குறையத் தொடங்கும். மரபணுக்கள் விழித்துக்கொள்ளவெல்லாம் அதற்குள் நேரமில்லை. முதல் அரை மணி நேரம் பிரேக் போடுவது ஃபோட்டோட்ரோபின் குடும்பத்தின் ஃபோட்டோட்ரோபின்1. அப்புறம்தான் கிரிப்டோகுரோம்கள் பொறுப்பேற்கின்றன. கிரிப்டோகுரோம்1 பழுதான செடியிலும் அந்த முதல் அரை மணி வழக்கம்போலவே போகும்; பிறகு தண்டு பழையபடி நீள ஆரம்பித்துவிடும்.

ஒளியின் அளவிலும் இரண்டு குடும்பங்களுக்குள்ளேயே பங்கீடு இருக்கிறது. ஃபோட்டோட்ரோபின்1 மங்கிய ஒளிக்கே அசையும், ஃபோட்டோட்ரோபின்2-க்கு வலுவான ஒளி வேண்டும். கிரிப்டோகுரோம்2 நேர்மாறு: வலுவான நீலத்தில் சிதைந்துபோகும், மங்கலில்தான் பயன்படும்.

திசை அறிவதில் போட்டியே இல்லை, ஃபோட்டோட்ரோபின்தான். உயரத்தைக் கட்டுக்குள் வைப்பதில் தொடக்கம் யாருடையதாக இருந்தாலும் என் ஓட்டு கிரிப்டோகுரோமுக்கு. நாற்றுத் தட்டுக்கு எல்இடி வாங்குபவர்கள் இரண்டையும் கவனிக்க வேண்டும். வெறும் சிவப்பில் தண்டு நீண்டு துவளும், கொஞ்சம் நீலம் சேர்த்தால் பொதுவாகக் கட்டுக்குள் நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் மாட்டினால் மட்டும் எந்த நிறக் கலவையும் உதவாது. நீலம் இருக்கும்வரை தட்டு முழுக்க ஒரே பக்கம் சாயும்.