48 அங்குல மிஷினும் 36 அங்குல கேட்டும்

நேற்று என் புல்வெட்டும் மிஷினின் டெக் பெல்ட்டை மூன்றாவது தடவையாக மாற்றினேன். டெக் என்பது பிளேடுகள் இருக்கிற அடிப்பெட்டி, அந்தப் பிளேடுகளைச் சுற்றுவது இந்தப் பெல்ட். கையில் இருந்த கிரீஸைக் கழுவுவதற்குள் போன். புல்வெட்டும் தொழிலுக்கு எனக்குப் பின்னால் வந்த தம்பி ஒருவன். “அண்ணே, நானும் ஜீரோ டர்ன் எடுத்துடலாமா, இல்ல இன்னும் ஒரு சீசன் தள்ளலாமா?” ஜீரோ டர்ன் என்றால் உட்கார்ந்து ஓட்டுகிற, நின்ற இடத்திலேயே திரும்புகிற மிஷின், என்னிடம் இருப்பதும் அதுதான். கேட்ட நேரம் சரியில்லை. “வேண்டவே வேண்டாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். சரி, இப்போது கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முறையாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 48 அங்குல டெக், மூன்று சீசன் ஓட்டியாகிவிட்டது. அதற்கு முன் தள்ளிக்கொண்டு போகிற 21 அங்குல மிஷின்தான். வாங்கும்போது எல்லோரும் போடுகிற கணக்கைத்தான் நானும் போட்டேன்: மணிக்கு எத்தனை மைல் வேகம் என்பதை டெக் அகலத்தின் அங்குலத்தால் பெருக்கி 99 ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஏக்கர் என்று வரும். சின்னது 3 மைல் வேகத்தில் 0.64 ஏக்கர், பெரியது 5 மைலில் 2.4. கிட்டத்தட்ட நாலு மடங்கு! திரும்புவதற்கும் ஓவர்லாப்புக்கும் கொஞ்சம் கழித்தாலும் லாபம்தானே என்று துள்ளினேன். அந்தக் கணக்கில் கேட் இல்லை.

என் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் பின்பக்கத் தோட்டத்துக்கு 36 அங்குல கேட் வைத்தவர்கள். முதல் வாரமே ஒரு கேட் முன்னால் மிஷினை நிறுத்திவிட்டு, வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் தள்ளுகிற ஷூட்டை மடக்கினால் போகுமா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். 48 எப்படி அய்யா 36-க்குள் போகும். இத்தனைக்கும் அந்த வீட்டில் இரண்டு வருஷமாக வாராவாரம் வெட்டியவன் நான். இன்றைக்கும் அந்த வீடுகளில் முன்பக்கம் ஏழு நிமிஷம், அப்புறம் டிரெய்லரில் இருந்து பழைய 21-ஐ இறக்கி, பின்பக்கம் அரை மணி நேரம். அதற்கு மேல் ஓரம் வெட்டுவது, சிதறிய புல்லை ஊதுவது, ஏற்றுவது, கட்டுவது. இதில் ஒன்றையும் பெரிய மிஷின் ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை. 36 அங்குல டெக் எடுத்திருந்தால் தப்பித்திருப்பேன் என்றும் நினைக்க வேண்டாம், டெக்கின் அளவு வேறு, மிஷினின் மொத்த அகலம் வேறு, கேட்டில் கீலும் தாழ்ப்பாளும் தின்கிற இடம் வேறு.

பெல்ட் விஷயத்தில் மட்டும் மிஷினை நான் அநியாயமாகத் திட்டியிருக்கிறேன். முதல் இரண்டு அறுந்தபோதும் பெல்ட் மட்டம் என்றே நினைத்தேன். நேற்றுதான் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற ஐட்லர் புல்லியை விரலால் சுற்றிப் பார்த்தேன், உள்ளே மணலை அரைக்கிற மாதிரி கரகரவென்றது. பேரிங் போய்விட்டது. டெக்கின் மேல் மூடிக்குள் வெட்டிய புல் ஈரத்தோடு அடைந்து கிடந்ததை நான் ஒருநாளும் ஊதிச் சுத்தம் செய்ததில்லை, ஊதுகிற மிஷினை வண்டியிலேயே வைத்துக்கொண்டு. பழைய மிஷினில் பிளேடு நேராக எஞ்சின் தண்டிலேயே மாட்டியிருக்கும், பிளேடுக்கென்று பெல்ட்டே கிடையாது, அந்தப் பழக்கம் எனக்கு.

ஒரே இடத்தில் கிர்ரென்று திருப்பினால் உள்பக்கச் சக்கரம் புல்லைப் பிய்த்துவிடும், மழைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். கொஞ்சம் முன்னே பின்னே எடுத்துத் திருப்பப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். வேலை வேண்டாம் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாய் என்று பார்க்காதே, நான் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன். டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கேட்டையும் அள. இரண்டு வாரம் வெட்டுகிற நேரத்தை மட்டும் தனியாகக் குறித்து வை. நாளில் பாதிகூட வெட்டுவதில் போகவில்லை என்றால் பெரிய டெக் உனக்கு இப்போது வேண்டாம். வாங்கினாலும் சின்னதை விற்றுவிடாதே, பெரியது படுத்தால் அன்றைய பொழுதைக் காப்பாற்றுவது அதுதான்.

சாயங்காலம் புதுப் பெல்ட்டோடு கேட்டே இல்லாத ஒரு பெரிய வளாகத்தில் இறங்கினேன். முன்பு ஒரு பகல் முழுக்கத் தின்ற இடம், உட்கார்ந்தபடியே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது, கோடு கோடாக, முழங்கால் வலி இல்லாமல். டிரெய்லரில் ஏற்றும்போது தம்பி மறுபடி கூப்பிட்டான். “அண்ணே, வேண்டாம்னா உங்களோடதை எனக்கே கொடுத்துடுங்களேன், பாதி விலைக்கு?”

போடா என்று சொல்லிவிட்டேன்.